பி.காம். கிடைக்காததால் கிடைத்த படிப்பு

கேள்வி: ஐயா, செய்யாறுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் என்னுடையது. அப்பா பட்டு நெசவாளர். மாஸ்டர் வீவர் ஒருவரிடம் பாவு (தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல்) வாங்கிக் கூலிக்கு நெய்கிறார். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். பி.காம். கேட்டேன், கட் ஆஃப் எட்டவில்லை. அரசுக் கல்லூரியில் பி.ஏ. அரசியல் அறிவியல்தான் கிடைத்தது. சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. பெரும்பாலான பாடங்களை ஒரே கௌரவ விரிவுரையாளர்தான் எடுக்கிறார். தேர்வுக்குக் கைடு வாங்கிப் படிக்கச் சொல்கிறார்கள். ஊரில் பார்ப்பவர்கள் எல்லாம், 'தேர்தலில் நிற்கப் போகிறாயா?' என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். அப்பாவோ, 'அரசியலைப் படித்து நம்ம தறிக்கு என்ன ஆகப் போகிறது? இதை நிறுத்திவிடு, அடுத்த வருடம் கடன் வாங்கியாவது தனியார் கல்லூரியில் பி.காம். சேர்த்துவிடுகிறேன்' என்கிறார். நான் தொடரலாமா? இந்தப் படிப்புக்கு வேலை உண்டா? ஆங்கிலம் வராமல் இதில் மேலே போக முடியுமா?

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

தொடருங்கள். அப்பாவைக் கடன் வாங்க விடாதீர்கள். ஆனால் இந்த முதல் ஆண்டு முடிவதற்குள் நான் கீழே சொல்லும் சில வேலைகளைச் செய்து பார்த்துவிட்டு, இந்தப் பாடம் உங்களுக்குப் பிடிக்கிறதா இல்லையா என்று நீங்களே முடிவுக்கு வாருங்கள். கைடைப் படித்துவிட்டு அந்த முடிவுக்கு வரவேண்டாம். கைடில் இருப்பது அரசியல் அறிவியலின் எலும்புகூட இல்லை.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசுக் கல்லூரிகளில் இந்தப் பாடத்தை எடுத்தேன். முதல் நாள் வகுப்பில் 'விரும்பிச் சேர்ந்தவர்கள் யார்?' என்று கேட்பேன். எழும் கைகளை ஒரு கையின் விரல்களில் எண்ணிவிடலாம். மற்றவர்கள் எல்லாம் உங்களைப் போல வேறெதுவோ கிடைக்காமல் வந்தவர்கள். அவர்களில் பலர் மூன்றாம் ஆண்டில் என்னைத் திணற அடிக்கும் கேள்விகளைக் கேட்டிருக்கிறார்கள். எந்தக் கதவு வழியாக உள்ளே வந்தோம் என்பதற்காகத் தலைகுனிய வேண்டியதில்லை, அம்மா.

அப்பாவின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கடிதத்திலேயே மிகச் சிறந்த கேள்வி அதுதான். அரசியலைப் படித்து நம் தறிக்கு என்ன ஆகப் போகிறது?

அப்பா நெய்யும் சேலையை எடுத்துக்கொள்வோம். சேலை உள்ளிட்ட சில துணி வகைகளைக் கைத்தறியில் மட்டுமே நெய்ய வேண்டும் என்று நாடாளுமன்றம் 1985இல் ஒரு சட்டம் இயற்றியது. கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் என்று நெசவாளர் சங்கங்களில் சொல்வார்கள், அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். விசைத்தறி உரிமையாளர்கள் அதை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். 1993இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அதாவது அப்பாவின் பக்கம் நாடாளுமன்றமும் இருக்கிறது, உச்ச நீதிமன்றமும் இருக்கிறது. அப்படியிருந்தும் விசைத்தறியில் நெய்த சேலை கைத்தறிச் சேலை என்ற பெயரில் கடையில் தொங்குகிறது என்பதே நெசவாளர்களின் தீராத புகார். இது எப்படி நடக்கிறது? சட்டத்தை இயற்றுவது ஓரிடம், அதை நடைமுறைப்படுத்தும் அலுவலர் இருப்பது வேறிடம், விசைத்தறிக்காரர்களின் வாக்குகள் குவிந்திருக்கும் தொகுதிகள் மற்றோரிடம். எழுதப்பட்ட சட்டத்துக்கும் நடக்கும் வாழ்க்கைக்கும் நடுவில் உள்ள அந்த இடைவெளியில் யார் நிற்கிறார்கள், யாருடைய குரல் எதுவரை எட்டுகிறது என்று ஆராய்வதுதான் உங்களுக்குக் கிடைத்திருக்கும் படிப்பு.

ஜரிகைக்கு வருவோம். 2023 ஜூலையில் போலி ஜரிகை நூல் மீதான வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. குறைத்தது யார்? சென்னையும் இல்லை, தனியாக டெல்லியும் இல்லை, ஜிஎஸ்டி மன்றம். 2016இல் அரசமைப்புச் சட்டத்தில் செய்த 101ஆவது திருத்தத்தால் பிறந்த அமைப்பு அது. அதில் வாக்கெடுப்பு நடந்தால் ஒன்றிய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை. எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. ஒரு முடிவு நிறைவேற முக்கால் பங்கு வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: எல்லா மாநிலங்களும் ஒன்றாகக் கைதூக்கினாலும் ஒன்றியம் மறுத்தால் முக்கால் பங்கு வராது. பெரிய மாநிலமோ சிறிய மாநிலமோ, ஒவ்வொன்றின் வாக்குக்கும் ஒரே எடை. இந்த ஏற்பாடு நியாயமா என்று இரண்டு பக்கமும் நின்று வாதாடலாம்; நான் வகுப்பில் வாதாட வைத்திருக்கிறேன். கூட்டாட்சி என்ற தலைப்பில் கைடு ஐந்து வரி தரும். உங்கள் வீட்டில் அது தறிக்கு மேலே ஜரிகையாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. கைத்தறிக்குக் கிடைக்கும் இலவச மின்சாரத்தை மாநில அரசு தருகிறது. ஜரிகையின் வரியை மாநில அரசு தனியாகத் தொட முடியாது. ஏன் என்று அப்பாவுக்கு நீங்கள் விளக்கும் நாளில் அவருடைய கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

இன்னொன்று. இந்நேரம் 'அரசின் நான்கு கூறுகள்' படித்திருப்பீர்கள்: மக்கள், நிலப்பரப்பு, அரசாங்கம், இறையாண்மை. மனப்பாடமும் செய்திருப்பீர்கள். நீங்கள் ஏறும் பஸ்ஸில் 'அரசு' என்று எழுதியிருக்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றா? தமிழ்நாட்டுக்கு மக்கள் உண்டு, நிலம் உண்டு, அரசாங்கம் உண்டு. பாடப்புத்தகம் சொல்லும் இறையாண்மை உண்டா? ஆங்கிலத்தில் ஸ்டேட் என்ற ஒரே சொல் நாட்டையும் குறிக்கும், மாநிலத்தையும் குறிக்கும். தமிழில் அரசு என்ற ஒரே சொல் நாட்டின் நிலையான அமைப்பையும் குறிக்கும், ஐந்தாண்டில் மாறிப்போகும் அரசாங்கத்தையும் குறிக்கும். ஒவ்வொரு மொழியும் ஒவ்வோரிடத்தில் வழுக்கிவிடுகிறது. ஆட்சியைக் குறை சொன்னால் நாட்டையே எதிர்ப்பதாகச் சிலர் கொதிப்பதன் வேர் இந்தக் குழப்பத்திலும் இருக்கிறது. சொற்களைப் பிரித்துப் பார்க்கும் இந்தப் பழக்கம் வந்துவிட்டால் பாதிப் படிப்பு முடிந்த மாதிரி.

இப்போது நான் சொன்ன வேலைகள்.

உங்கள் ஊரிலிருந்து காஞ்சிபுரம் போய் மாறினால் உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன, காலம் கி.பி. 919, 921. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழர்கள் தேர்தல் நடத்தினார்கள் என்று மேடைதோறும் சொல்லப்படுவது இந்தக் கல்வெட்டுகளை வைத்துத்தான். பெருமைப்படுங்கள், பெருமைப்பட்ட பிறகு படியுங்கள். ஊரை முப்பது குடும்புகளாக, இன்றைய வார்டுகளைப் போல, பிரித்தார்கள். தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத சிறுவன் ஒருவனை எடுக்கச் சொன்னார்கள். தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று குழுக்கள் அமைத்தார்கள். முந்தைய பதவியில் கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவினர்களும் குடவோலையில் இடம்பெற முடியாது. இன்றைக்கு இப்படி ஒரு விதி இருந்தால் எத்தனை ஊராட்சிகள் உருப்படும் என்று அங்கே நிற்கும்போதெல்லாம் நினைத்திருக்கிறேன்.

ஆனால் கவனியுங்கள். குடத்திலிருந்து ஓலை எடுப்பது குலுக்கல், வாக்களிப்பு இல்லை. யாரும் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. குலுக்கல்தான் மக்களாட்சியின் முறை, தேர்தல் சிலராட்சியின் முறை என்று கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் எழுதினார். தேர்தல் என்றால் பணமும் பெயரும் உள்ளவன் ஜெயிப்பான் என்பது அதன் பின்னுள்ள கவலை. அப்படிப் பார்த்தால் உத்திரமேரூர் நம் இன்றைய தேர்தலைவிட முற்போக்கானதா? அவசரப்படாதீர்கள். குடத்துக்குள் யார் பெயர் போகலாம் என்பதையும் அதே சுவர் சொல்கிறது: கால் வேலிக்கு மேல் (வேலி என்பது பழைய நில அளவு) வரி செலுத்தும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், முப்பத்தைந்து முதல் எழுபது வயதுக்குள் இருக்க வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது சதுர்வேதிமங்கலம், பிராமணர்களின் சபை. பெண்ணான உங்கள் பெயர் அந்தக் குடத்துக்குள் போயிருக்காது. நெசவாளரான உங்கள் அப்பாவின் பெயரும் போயிருக்காது. சிறந்த விதிகளும் கடுமையான வேலிகளும் ஒரே சுவரில் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவர்தான் அரசியல் அறிவியல் மாணவர். ஒன்றை மட்டும் பார்ப்பவர்களால் மேடை நிரம்பி வழிகிறது.

அங்கிருந்து நேராக நூலகத்துக்குப் போங்கள். அரசியல் நிர்ணய சபை விவாதங்கள் முழுவதும் நாடாளுமன்ற இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 1948 நவம்பர் 4 அன்று அம்பேத்கர் பேசியதைப் படியுங்கள். இந்தியக் கிராமத்தை அவர் குறுகிய ஊர்ப்பற்றின் சாக்கடை என்றும், அறியாமையின் குகை என்றும் சொல்கிறார். கிராமத்தைப் புகழ்ந்தே கேட்டுப் பழகியவர்களுக்கு அது அறைந்தாற்போல் இருக்கும். அதே மாதம் 22ஆம் தேதி, ஊராட்சிகளை அமைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்ற பிரிவை கே. சந்தானம் கொண்டுவருகிறார்; நம் சென்னை மாகாணத்தின் பிரதமராக (முதலமைச்சரை அன்று அப்படித்தான் அழைத்தார்கள்) இருந்த டி. பிரகாசம் எழுந்து இதே உத்திரமேரூர்க் கல்வெட்டை எடுத்துக்காட்டிப் பேசுகிறார். நீங்கள் நேரில் தொட்டுப் பார்த்த சுவர், டெல்லியில் அரசமைப்புச் சட்டத்துக்குள் நுழைந்த கதை அது. அந்தப் பிரிவு இன்று 40ஆவது உறுப்பு. அதற்குப் பல்லும் நகமும் முளைக்க 1992இன் 73ஆவது திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஏன் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று என்பதை நான் சொல்லமாட்டேன், தேடுங்கள்.

பிறகு உங்கள் ஊர்க் கிராம சபைக்குப் போய் உட்காருங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் நடக்கும். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் அதன் உறுப்பினர்கள். பதினெட்டு நிறைந்துவிட்டால் படிவம் 6 கொடுத்து முதலில் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் முறை பேச வேண்டாம். நாற்காலியில் யார் உட்காருகிறார்கள், தரையில் யார், வெளியே மரத்தடியில் நின்றபடியே கேட்பவர்கள் யார், தீர்மான நோட்டு எப்போது கையெழுத்துக்கு வருகிறது, பேசி முடிப்பதற்கு முன்பா பிறகா என்று குறித்துக்கொள்ளுங்கள். அன்று இரவு அம்பேத்கரின் பேச்சையும் பிரகாசத்தின் பேச்சையும் உங்கள் குறிப்புக்குப் பக்கத்தில் வைத்து, யார் சொன்னது சரி என்று நான்கு பக்கம் எழுதுங்கள். என் மாணவி ஒருவர் இப்படி எழுதத் தொடங்கித்தான் இந்தப் பாடத்துக்குள் வந்தார். அதுவரை கடைசிப் பெஞ்சில் எம்பிராய்டரி போட்டுக்கொண்டிருந்தவர். எழுதி முடித்தபோது உங்களுக்கு இன்னும் எழுத வேண்டும் என்று தோன்றினால் இது உங்கள் பாடம். சலிப்பு மட்டுமே மிஞ்சினால் தயங்காமல் மாறிவிடுங்கள். அதில் அவமானம் எதுவும் இல்லை.

வேலை பற்றிக் கேட்டீர்கள். இனிக்கப் பேசி உங்களை ஏமாற்ற எனக்கு மனமில்லை. அரசியல் அறிவியல் படித்தவர்களுக்கென்று தனியாகக் காத்திருக்கும் வேலைகள் மிகக் குறைவு. டிஎன்பிஎஸ்சி குரூப் 4க்குப் பத்தாம் வகுப்பு போதும். குரூப் 2க்கும் குரூப் 1க்கும் எந்தப் பட்டமும் போதும். இந்தப் படிப்பு அங்கே தருவது பொது அறிவுத் தாளில் இந்திய ஆட்சியியல் பகுதியில் ஒரு தெளிவு, அவ்வளவுதான். கணக்கும் தமிழும் தனியாக உழைத்துப் பெற வேண்டியவை. ஆனால் உங்கள் கையில் வேறொரு சொத்து இருக்கிறது. பள்ளியிலிருந்து பட்டம் வரை தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. இடையில் ஆங்கில வழிக்கு மாறினால் பட்டப்படிப்பைத் தகுதியாகக் கேட்கும் பணிகளுக்கு அது போய்விடும். தனியார் கல்லூரிக்கு மாறுவது பற்றிப் பேசும்போது அப்பாவிடம் இதையும் சொல்லுங்கள்.

குடிமைப் பணித் தேர்வில் அரசியல் அறிவியலும் பன்னாட்டு உறவுகளும் என்ற விருப்பப் பாடம் உண்டு. இரண்டு தாள், 500 மதிப்பெண். முதன்மைத் தேர்வின் எழுத்துத் தாள்களுக்கான 1750 மதிப்பெண்ணில் இது பெரிய பங்கு. விடையைத் தமிழில் எழுதலாம். ஆனால் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். இதை யாரும் முதல் ஆண்டிலேயே சொல்வதில்லை. மூன்று ஆண்டு கழித்துத் தெரிந்து பிள்ளைகள் உடைந்துபோவதை நேரில் பார்த்திருக்கிறேன். முதல்நிலைத் தேர்வுக்குப் படிக்க மாநில அரசின் நான் முதல்வன் திட்டத்தில் ஆயிரம் பேருக்கு மாதம் 7,500 ரூபாய் பத்து மாதங்களுக்குத் தருகிறார்கள். அதற்கு ஒரு நுழைவுத் தேர்வு உண்டு. மூன்றாம் ஆண்டில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டத்துக்குப் பிறகு மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்குப் போகலாம். என் மாணவர்களில் நிமிர்ந்து நிற்பவர்கள் பெரும்பாலும் அந்த வழியில் போனவர்கள், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். இதழியல் இருக்கிறது. தேர்தல் ஆய்வு நிறுவனங்களுக்குக் களத்தில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்க மாணவர்கள் தேவைப்படுகிறார்கள். டெல்லியில் உள்ள சிஎஸ்டிஎஸ் நிறுவனத்தின் லோக்நீதி அமைப்பு அப்படித்தான் தன் ஆய்வுகளை நடத்துகிறது. பிஆர்எஸ் என்ற சட்டமன்ற ஆய்வு அமைப்பு, இளம் பட்டதாரிகளை நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு உதவியாளராக ஓராண்டுக்குச் சற்றுக் குறைவாக அமர்த்துகிறது. எந்தப் பட்டமும் போதும், ஆங்கிலம் கட்டாயம் வேண்டும். எம்.ஏ. படிக்க ஆசை வந்தால் சென்னைப் பல்கலைக்கழகம், காலாப்பட்டில் உள்ள புதுச்சேரிப் பல்கலைக்கழகம், ஐதராபாத், டெல்லி என்று பாதை நீளும். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குக் க்யூட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பேராசிரியர் ஆக வேண்டும் என்றால் நெட் தேர்வு. அதில் வென்ற பிறகும் கௌரவ விரிவுரையாளராகவே ஆண்டுகளைக் கடத்துபவர்கள் ஏராளம் என்பதையும் தெரிந்தே அதில் இறங்குங்கள். உங்களுக்குப் பாடம் எடுக்கிறாரே அவர், அநேகமாக அப்படி ஒருவராகத்தான் இருப்பார். பெரும்பாலான பாடங்களை ஒருவரே சுமந்தால் கைடைத்தான் காட்ட முடியும். மாலையில் பத்து நிமிடம் அவரிடம் போய், 'இந்தத் தலைப்புக்கு மூலத்தை எங்கே படிப்பது?' என்று கேட்டுப் பாருங்கள். கேட்க ஒருவர் வந்துவிட்டால் ஆசிரியர் மாறிவிடுவார். நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் குறிப்புகளைச் சொல்லி எழுதவைத்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு மாணவர் எழுந்து, 'ஐயா, இதை நீங்கள் எங்கே படித்தீர்கள்?' என்று கேட்டார். அன்றோடு அந்தக் குறிப்பேட்டை மூடினேன்.

ஆங்கிலத்துக்கு வருகிறேன். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டாம். இந்திய அரசமைப்புச் சட்டத்தின் தமிழ்ப் பதிப்பையும் ஆங்கிலப் பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாளுக்கு ஓர் உறுப்பு படியுங்கள். 14இல் தொடங்குங்கள். 15ஐ அடையும்போது அதன் நான்காவது உட்பிரிவில் நில்லுங்கள். 1950இல் எழுதிய சட்டத்தில் அது இல்லை. நம் மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையின்படி கல்லூரி இடங்களைச் சாதி, மதவாரியாகப் பிரித்துக் கொடுத்தது செல்லாது என்று செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இங்கே கிளர்ச்சி எழுந்தது. ஜூனில் முதல் திருத்தம் வந்து அந்த உட்பிரிவைச் சேர்த்தது. உங்கள் சேர்க்கைக் கடிதத்தில் சாதிப் பிரிவு என்று ஒரு கட்டம் இருக்குமே, அதற்குக் கீழே ஓடும் வரலாறு இது. தனக்கு நேர்ந்ததைப் பற்றிப் படிக்கும்போது அந்நிய மொழியும் வேகமாக வசப்படும். ஆறு மாதத்தில் அகராதியைப் புரட்டுவது பாதியாகக் குறையும்.

'தேர்தலில் நிற்கப் போகிறாயா?' என்று சிரிப்பவர்களுக்கு என்ன சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். உள்ளாட்சிப் பதவிகளில் பாதி தமிழ்நாட்டில் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாற்காலியில் பெண் உட்கார்ந்திருக்க, கணவர் கையெழுத்து எங்கே என்று காட்டிக்கொண்டு நிற்கும் ஊர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தீர்மானத்தைத் தானே படித்து, மதிப்பீட்டைத் தானே சரிபார்க்கத் தெரிந்த பெண் ஒருத்தி உங்கள் ஊரிலிருந்து வந்தால் அது எனக்குப் பெருமகிழ்ச்சி. நிற்பதும் நிற்காததும் உங்கள் விருப்பம். 'ஆமாம், நிற்கலாம்' என்று அமைதியாகச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பு நின்றுவிடும்.

அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் உங்களுக்கு வர வேண்டும். வரவில்லை என்றால் கல்லூரி அலுவலகத்தில் உடனே கேளுங்கள். அதில் கொஞ்சம் எடுத்து உத்திரமேரூருக்கு இரண்டு டிக்கெட் வாங்குங்கள், இன்னொன்று அப்பாவுக்கு. பாவு இறக்கிவிட்டு அடுத்த பாவு ஏற்றுவதற்கு நடுவே அவருக்கு ஒரு நாள் ஓய்வு கிடைக்கும் அல்லவா, அன்றைக்குப் போங்கள். போகும் வழியில் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் பற்றியும் கூட்டுறவுச் சங்கத் தேர்தல் பற்றியும் அவர் பார்த்ததைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். கையில் நோட்டு இருக்கட்டும்.